அப்பா சாப்பிடச் சம்மதித்த ஹோட்டல்

என் அப்பா ஹோட்டலில் சாப்பிடமாட்டார். டீ குடிப்பார், பேக்கரியில் பப்ஸ் வாங்கித் தின்பார், அவ்வளவுதான். சோறு, மீன், கறி எல்லாம் வீட்டில். ஏன் என்று யாராவது கேட்டால், "நான் பாத்த ஃப்ரிட்ஜையெல்லாம் நீங்க பாத்திருந்தா நீங்களும் சாப்பிடமாட்டீங்க" என்பார்.

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இளவயதில் ஓர் ஐஸ் ஃபாக்டரியில் வேலை கற்றுக்கொண்டு, பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் இருந்தார். ரிட்டயரான பிறகும் ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்வந்தார். பிரியாணிக் கடை, பேக்கரி, ஐஸ்கிரீம் பார்லர், கறிக்கடை என்று கன்டோன்மென்ட் பக்கம் அவர் கை படாத கம்ப்ரசர் குறைவு. அவருக்கு வழி சொல்வதானால் தெருப்பெயர் உதவாது. "அந்த ரெண்டு கதவு ஃப்ரீசர் இருக்குதே, அதுக்கு எதிர் வீடு" என்றால் உடனே புரிந்துவிடும்.

அம்மா ஒரு கதை சொல்வாள். அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று, ஒரு தடவை மட்டும் பிரேசர் டவுனில் ஒரு ஹோட்டலுக்குப் போய் பிரியாணி சாப்பிடலாம் என்று ஆசைப்பட்டாளாம். அப்பா சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு அம்மாவோடு வாசல்வரை வந்துவிட்டு, "அந்தக் கடையா? அவன் ஃப்ரீசர நேத்துதான் தொறந்தேன்" என்று திரும்பிவிட்டாராம். பிறகு அவரே போய் நல்ல மட்டன் வாங்கிவந்தார். அம்மாவே பிரியாணி செய்தாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம்.

அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. அப்பா காக்ஸ் டவுன் வீட்டில் தனியாக இருந்தார். நான் கணவர், பிள்ளைகளோடு ஒக்கலிபுரத்தில் இருந்தேன். அங்கே பக்கத்தில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைதோறும் காக்ஸ் டவுன் போய், அப்பாவோடு மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு, அந்த வாரத்துக்கு வேண்டியதைச் சமைத்து டப்பாக்களில் போட்டு அவருடைய ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டு வருவேன்.

ஒரு வியாழக்கிழமை அப்பா ஃபோன் செய்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் வேலை ஏதாவது இருக்கா பாப்பா?"

"அரை நாள்தான் ஸ்கூல். ஏன்ப்பா?"

"இந்திராநகர்ல ஒரு ஜப்பான் ஹோட்டல் இருக்கு. சாப்பிடப் போலாம்."

"யாரு?"

"நாமதான்."

"நீங்க ஹோட்டல்ல சாப்பிடப் போறீங்களா?"

"அந்த ஃப்ரீசர பாத்துக்கறதே நான்தான். மைனஸ் நாப்பதுக்குக் கீழ நிக்குது. அந்தளவுக்குச் சுத்தமான ஃப்ரீசர் பெங்களூர்லயே கிடையாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஜப்பான் மட்டும் இல்ல, மெக்சிகோவும் சேத்து ஏதோ பண்றாரு. நல்ல புடவையா கட்டிட்டு வா" என்றார்.

இரவு என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "உங்க அப்பாவா? ஹோட்டலுக்கா? உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அது பிடித்துக்கொண்டது. அம்மாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்த நாளில் அப்பா இப்படித்தான், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பேச்சை எங்கேயோ ஆரம்பித்தார். இரண்டு நாளும் எனக்கு அதே நினைப்பு. அப்பாவுக்கு ஏதோ வந்திருக்கிறது, வீட்டில் வைத்துச் சொல்ல முடியாமல் வெளியே கூப்பிடுகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். சனிக்கிழமை ஸ்கூலிலிருந்து நேராக மெஜஸ்டிக் போய் பஸ் பிடித்தேன். நல்ல புடவைதான் கட்டியிருந்தேன். ஆனால் கைப்பையில் இரண்டு கர்ச்சீப் வைத்திருந்தேன்.

அந்த ஹோட்டல் இந்திராநகரில் ஒரு குறுக்குத் தெருவில், பழைய வீட்டின் மாடியில் இருந்தது. வாசல் பலகையில் ஒரு மீனும் ஒரு மிளகாயும் வரைந்திருந்தார்கள். மாடியில் பத்துப் பன்னிரண்டு மேஜை. ஒரு பக்கம் நீளமாக மரக்கட்டைத் தடுப்பு, அதன்மேல் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஐஸ்மேல் மீன் துண்டுகள். பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட ஐம்பது வயது ஜப்பான்காரர் ஒருவர் அரிசிச் சோற்றை விசிறிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் ஓரத்தில் அப்பா. தேய்த்த சட்டை, சவரம் செய்த முகம். அவர் எதிரில் ஒரு பெண்மணி, கஞ்சி போட்ட காட்டன் புடவையில், கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, வேலைக்கு இன்டர்வியூ வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பார்த்ததும் தெரிந்தது. எங்கள் கோயிலில் கொயரில் இரண்டாவது வரிசையில் நின்று பாடுகிறவர். டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயரானவர். சின்ன வயதிலிருந்தே நாங்கள் எல்லோரும் அவரை எக்ஸ்சேஞ்ச் ஆன்ட்டி என்றுதான் சொல்வோம். கல்யாணம் ஆகாதவர், பிரேசர் டவுனில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அம்மாவின் அடக்கப் பூசையில் அவர்தான் பாடினார்.

"வா பாப்பா. இவங்கள தெரியும்ல?" என்றார் அப்பா.

"தெரியும்ப்பா. நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி?"

"நல்லா இருக்கேம்மா. நீங்க?"

நான் பாவாடை சட்டை போட்ட நாளிலிருந்து என்னைத் தெரிந்தவர். அவர் என்னை 'நீங்க' என்றது எனக்கு வினோதமாக இருந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. இவருக்குத் தெரிந்த டாக்டர் யாராவது இருப்பார், ஆஸ்பத்திரி விஷயமாக அப்பா கூட்டிவந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன். "உடம்புக்கு என்னப்பா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லயே."

"அப்புறம் எதுக்கு இங்க?"

அப்பா தண்ணீர் தம்ளரைத் தள்ளி வைத்தார். "நம்ம பக்கம் எங்க போனாலும் கோயில்காரங்க யாராவது இருப்பாங்க. இங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. அதான்." பிறகு, சொல்லி முடித்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில், "நானும் இவங்களும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜப்பான்காரர் பெரிய தட்டோடு வந்துவிட்டார். "மிஸ்டர் ஐயா!" என்று அப்பாவின் தோளைத் தட்டினார். சமையலறையில் வேலை செய்கிறவர்கள் அப்பாவை ஐயா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்பாவும் திருத்தவில்லை.

அவர் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நின்று, நிதானமாக, உடைந்த இங்கிலீஷில் ஒவ்வொன்றாக விளக்கினார். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் மெக்சிகோவில். அப்பா அம்மா இரண்டு பேரும் ஜப்பான்காரர்கள். அம்மா வீட்டில் ஜப்பான் சமையல் செய்வார், ஆனால் சாமான் வாங்குவது மெக்சிகோ சந்தையில். அதனால் அவர் சாப்பிட்டு வளர்ந்த சுஷியில் எப்போதும் பச்சைமிளகாயும் எலுமிச்சையும் கொத்தமல்லியும் இருந்தன. ஒரு கார் பாகங்கள் ஃபாக்டரி வேலையாகப் பெங்களூர் வந்தவர், முதல் வாரம் ரசல் மார்க்கெட்டுக்குப் போனாராம். "லைம், சில்லி, மேங்கோ, கோரியாண்டர், பட்டர் ஃப்ரூட். ஆல் மை மதர்ஸ் திங்ஸ்" என்று விரல் விட்டு எண்ணினார். வேலை முடிந்தும் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கி இதைத் திறந்தது அதனால்தானாம்.

நாங்கள் மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டோம். அப்பா தட்டைப் பார்த்தார். ஆன்ட்டி அவரைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி கோபம் இல்லை. அப்பாவுக்கு நோய் இல்லை என்கிற நிம்மதி. கோபம் அதற்குப் பிறகு வந்தது.

மேஜையில் குச்சிகள் இருந்தன. ஆன்ட்டி அதை எடுத்து, எந்த விரலில் பிடிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜப்பான்காரர் அதை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவதுதான் ஜப்பானில் பழைய முறை என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்பாடி" என்றார் ஆன்ட்டி.

ஒரு வரிசையில் கடல்பாசித் தாளில் சுற்றிய சோற்று உருண்டைகள். நடுவில் பச்சை மீனும் வெண்ணெய்போல் மெத்தென்ற பட்டர் ஃப்ரூட்டும் மாம்பழமும். மேலே பச்சைமிளகாய் வட்டம் ஒவ்வொன்று. இன்னொரு பக்கம், பொரித்த சின்னச் சோள வட்டங்களின்மேல் சிவப்பு மீன் துண்டுகள், வெங்காயம், கொத்தமல்லி, புகை வாசனை வரும் ஒரு மிளகாய்ச் சாறு. வேகாத மீன் என்றதும் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். "தைரியமா சாப்பிடு. அந்த ஃப்ரீசர்ல புழு பூச்சி எதுவும் உயிரோட இருக்காது" என்றார் அப்பா. இதுதான் அவர் ஒரு சாப்பாட்டுக்குக் கொடுக்கக்கூடிய உச்சமான பாராட்டு.

அவர் முதலில் ஒன்றை எடுத்தார். தான் சாப்பிடவில்லை. அதன்மேல் இருந்த மிளகாயை நகத்தால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உருண்டையை ஆன்ட்டியின் தட்டில் வைத்தார். "இவங்களுக்கு அல்சர்" என்று எனக்கு விளக்கம் சொன்னார். பிறகு அவரிடம், "நீங்க முதல்ல இத சாப்பிட்டுப் பாருங்க. புளிப்பு இருக்கும், பயப்படாதீங்க" என்றார்.

நீங்க. அம்மாவை அவர் ஒருநாளும் நீங்க என்றதில்லை. அது தப்பு என்று சொல்லவில்லை, எங்கள் வீடுகளில் யாரும் மனைவியை நீங்க என்பதில்லை. ஆனாலும் அன்று அந்தச் சொல் எனக்குள் முள்ளாக இறங்கியது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன். ஸ்கூலில் காப்பியடித்த பிள்ளையிடம் கேட்கிற குரல் எனக்கே கேட்டது.

ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டார். "போன வருஷம் மழைக்காலத்துலேர்ந்து. எங்க அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு. உங்க அப்பா வந்தாங்க."

"வந்து தொறந்து பாத்தேன்" என்றார் அப்பா. "நிறைய சாமான். எல்லாத்தையும் வெளிய எடுக்கணும்னு சொன்னேன். இவங்கதான் எடுத்து வெச்சாங்க. கதவுல கீழ்த் தட்டுல மட்டும் ஒரு தயிர் கப்பு, அரை எலுமிச்சம்பழம், ஒரு கண்ணு மருந்து. அத மட்டும் தனியா ஒரு கிண்ணத்துல வெச்சாங்க. ஏன் தனியா வெக்கறீங்கன்னு கேட்டேன். இது என்னுது, மத்ததெல்லாம் அண்ணன் வீட்டுதுன்னாங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த ஃப்ரிட்ஜே இவங்க வாங்கினது பாப்பா. நான்தான் அன்னிக்கு வந்து மாட்டிக் குடுத்தேன், எனக்கு ஞாபகம் இருக்கு."

"அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார் ஆன்ட்டி.

"கேஸ் லீக். சோப்பு நுரை போட்டுப் பாத்து அடைச்சேன். மறுபடி நின்னுச்சு, மறுபடி போனேன்."

"மூணாவது தடவை வந்தப்போ ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் ஓடிட்டிருந்தது" என்றார் ஆன்ட்டி. சொல்லிவிட்டு, சிரித்துவிடக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பிரியாணிக் கதை நினைவுக்கு வந்தது. அம்மா வாசல்வரை வந்து நின்றாளே, அந்த இடம். கதையில் அந்த இடத்தில் நான் எப்போதும் சிரித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அவள் என்ன புடவை கட்டிக்கொண்டு நின்றிருப்பாள், அதை மாற்றிவிட்டுத்தானே அடுப்பைப் பற்றவைத்திருப்பாள் என்று தோன்றியது.

"அம்மாவ ஒரு தடவையாவது இப்படி எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களாப்பா?" என்றேன்.

பக்கத்து மேஜையில் நாலைந்து ஜப்பான்காரர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா கையில் இருந்த உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"இல்ல" என்றார்.

நான் அந்த உருண்டையையே பார்த்தேன்.

"ஃப்ரிட்ஜு சரியில்ல, ஃப்ரிட்ஜு சரியில்லன்னு சொல்லிட்டே இருந்தேன். நல்ல ஃப்ரிட்ஜு வெச்சிருந்தவங்களும் இருந்தாங்க. தேடிப் பாத்துக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். சோம்பேறித்தனம். உங்கம்மா சிரிச்சிட்டா, நானும் விட்டுட்டேன்." அவர் மேஜையைப் பார்த்துத்தான் பேசினார். "அவ போனப்புறம் இத நினைக்காத நாள் இல்ல. அதுக்கு இப்ப என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல பாப்பா. இன்னொருத்தங்களுக்கும் அப்படிப் பண்ணிடக் கூடாதுன்னு மட்டும் தெரியுது."

அப்பா இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் என்னிடம் பேசியதில்லை. அவர் காது சிவந்திருந்தது. கேட்டிருக்கக் கூடாது என்றும் தோன்றியது, கேட்டது சரிதான் என்றும் தோன்றியது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு சோள வட்டத்தை எடுத்து வாயில் போட்டேன். நறுக்கென்று உடைந்து, குளிர்ந்த மீனும் எலுமிச்சையும் மிளகாயும் ஒன்றாக நாக்கில் பரவின. நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் அது நன்றாக இருந்தது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

நல்லவேளையாக ஜப்பான்காரர் தடுப்புக்குப் பின்னாலிருந்து கை காட்டினார். ஃப்ரீசரில் காலையிலிருந்து ஏதோ சத்தம் வருகிறதாம். அப்பா உடனே எழுந்துவிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போனார். கஷ்டமான பேச்சிலிருந்து கம்ப்ரசர் சத்தத்துக்குப் போகிற ஆண்களை எனக்கு நன்றாகத் தெரியும். என் கணவரும் அப்படித்தான், அவருக்குக் கிரிக்கெட்.

நானும் ஆன்ட்டியும் மட்டும் இருந்தோம். யாரோ பச்சை டீ கொண்டுவந்து வைத்தார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத டீ. ஆன்ட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்காக இன்னொரு வாயும் குடித்தார்.

"உங்க அம்மா அடக்கத்துல நான் பாடினேன்" என்றார். "அன்னிக்கு உங்க அப்பா எந்தப் பக்கம் நின்னாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. இத நீங்க நம்பணும்."

"நம்பறேன் ஆன்ட்டி." உண்மையாகவே நம்பினேன். அவர் குரல் அப்படி.

"எனக்கு அம்பத்தெட்டு வயசு. கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு. வாசிக்கிறப்போ நான் கொயர்ல எல்லாருக்கும் முன்னாடி நிக்கணும். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. சின்னப் பிள்ளைங்க சிரிக்கும். எங்க அண்ணி அடுத்த பெஞ்சுல இருப்பாங்க." டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் நான் தாங்கிக்குவேன். நீ மட்டும் அந்த மூணு ஞாயிறும் கோயில்ல இருப்பியா? உங்க அப்பா பக்கத்துல உக்காந்தா போதும். எங்கிட்ட பேசக்கூட வேணாம்."

நீ என்று மாறியதை அவர் கவனிக்கவில்லை.

நான் சரி என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, "அப்பாவுக்குச் சுகர் இருக்கு, சொன்னாரா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்க."

"காலை மாத்திரை ஒழுங்கா போடுவாரு. சாயங்காலத்து மாத்திரைய மறந்த மாதிரி நடிப்பாரு. ஸ்கூட்டர் பெட்டியில மைசூர்பாக்கு வெச்சிருப்பாரு, பழைய துணிக்கு அடியில."

"ஓகோ" என்றார் ஆன்ட்டி.

"மழை வந்தா வலது முட்டி வலிக்கும். கேட்டா இல்லம்பாரு. படியில இறங்கறப்போ பாத்தா தெரிஞ்சிடும். மீன் குழம்பு மறுநாள்தான் பிடிக்கும், அன்னிக்கே வெச்சா குறை சொல்லுவாரு. அம்மா முந்தின நாளே செஞ்சு மறைச்சு வெச்சிடுவா..."

அங்கே நிறுத்திவிட்டேன். என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா கடைசி மாதத்தில், கட்டிலில் படுத்துக்கொண்டு, இதையெல்லாம் இதே வரிசையில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆன்ட்டி மேஜைமேல் இருந்த என் கைமேல் தன் கையை வைத்தார். ஹெட்ஃபோனும் சொருகுக் கம்பியுமாக ஆயுள் முழுக்க மற்றவர்களுடைய பேச்சுக்கு வழிசெய்து கொடுத்த கை. மென்மையாக இருந்தது. நான் என் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

கொண்டுவந்த இரண்டு கர்ச்சீப்பில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டு, மற்றதை அவரிடம் கொடுத்தேன்.

அப்பா திரும்பி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "இந்தச் சோளத்து மேல வெச்சது பேல்பூரி மாதிரியே இருக்குல்ல?" என்றார் ஆன்ட்டி. ஆமாம் என்றேன். ஃபேன் மோட்டாரில் ஒரு திருகு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான் என்றார் அப்பா. என் முகத்தையும் ஆன்ட்டியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த ஞாயித்துக்கிழமைலேர்ந்துப்பா ஓலை?" என்று கேட்டேன். அவர் தம்ளரில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

மூன்று ஞாயிறும் போனேன். முதல் ஞாயிறு என் பிள்ளைகளையும் கணவரையும் கூட்டிக்கொண்டு, அப்பாவை நடுவில் உட்காரவைத்து, முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஃபாதர் பெயர்களை வாசித்ததும் கோயிலில் ஒரு சலசலப்பு ஓடியது. ஆன்ட்டி சொன்னதுபோலவே எல்லோரும் திரும்பினார்கள். அடுத்த பாட்டை கொயர் எடுத்தபோது அவர் வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. இரண்டாம் ஞாயிறு கொஞ்சம் கேட்டது. மூன்றாம் ஞாயிறு பழையபடி கேட்டது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: எனக்குத் தெரிந்த ஓர் அம்மா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மாவ மறந்துட்டாரே" என்று கண்ணீர் விட்டார். "மறக்கலம்மா, எங்கிட்ட சொன்னாரு" என்றேன். அதற்குமேல் விளக்கவில்லை.

கல்யாணம் ஒரு வாரநாள் காலைப் பூசையில் நடந்தது. முப்பது பேர்கூட இல்லை. ஆன்ட்டியின் அண்ணன் வந்தார், அண்ணி வரவில்லை. ஜப்பான்காரர் கறுப்புக் கோட்டு சூட்டோடு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் மண்டியிட்டபோது தானும் மண்டியிட்டார். பூசை முடிந்ததும் காரிலிருந்து மூன்று பெரிய பெட்டிகள் இறக்கினார். கோயில் தோட்டத்தில், மரத்தடியில், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கடல்பாசிச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இது வெந்ததா, வேகாததா?" என்று ஒருவர் அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டார். "வேகாதது. ஆனா நான் கியாரண்டி" என்றார் அப்பா. சாப்பிட்டார்கள். பச்சைமிளகாய் வைத்தவைதான் முதலில் தீர்ந்தன.

ஹோட்டல் ரொம்ப நாள் நிற்கவில்லை. இரண்டு வருஷத்துக்குள் வீட்டுக்காரர் இடத்தைத் திரும்பக் கேட்டார், ஜப்பான்காரர் அதை மூடிவிட்டு மெக்சிகோவுக்கே போய்விட்டார். ஃப்ரீசரைக் கழற்றிக் கொடுக்க அப்பாதான் போனார். அன்று வீட்டுக்கு வந்து அதிகம் பேசவில்லை என்று ஆன்ட்டி சொன்னார். நான் அவரைக் கடைசிவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். அவரும் வேறு எப்படியும் கூப்பிடச் சொல்லவில்லை.

கல்யாணமான முதல் ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் காக்ஸ் டவுனுக்குப் போனேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை, அதனால் பூசைக்குப் போகாமல் சாயங்காலமாகத் தனியாகப் போயிருந்தேன். வீடு பூட்டியிருந்தது. எனக்கு அது நடந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் அந்தக் கதவு திறந்திருக்கும். ஃபோன் செய்தேன், உள்ளே மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா செல்ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் லால்பாக்ல பூ பாக்கப் போயிருக்காங்க. காலையில ஒம்பது மணிக்கே கிளம்பிட்டாங்க" என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னார். இல்லை, பரவாயில்லை என்று படியிலேயே உட்கார்ந்தேன்.

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. எனக்குச் சொல்லாமல் அப்பா எங்கும் போனதில்லை. சமைத்து எடுத்துவந்த டப்பாக்கள் மடியில் சூடாக இருந்தன. வெயில் சாய்ந்து, எதிர்வீட்டுச் சுவரில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது.

அரை மணி கழித்துத் தெருமுனையில் அவர்கள் வந்தார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து மெதுவாக நடந்து வந்தார்கள். அப்பா வெறுங்காலோடு நடந்தார். ஒரு செருப்பு வார் அறுந்துவிட்டது போலிருக்கிறது. ஆன்ட்டி அந்த இரண்டு செருப்பையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொரு கை அப்பாவின் முழங்கையில் இருந்தது. கல் இருக்கிற இடங்களில் அப்பா நிற்பார், ஆன்ட்டியும் நிற்பார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சுற்றிப் போவார்கள். அவர் ஏதோ சொல்ல, அப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். என்னை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. நான் கூப்பிடவில்லை. அவர்கள் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.